லண்டன் வீட்டில் விறகுக் கணப்பு: எரிக்கலாம், புகையவிடக் கூடாது

கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். வடமேற்கு லண்டனில் பழைய வீடு ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். வரவேற்பறையில் முந்தைய உரிமையாளர் விட்டுப்போன இரும்புக் கணப்பு அடுப்பு ஒன்று இருக்கிறது. தோட்டத்தில் போன மாதம் வெட்டிய சிக்கமோர் மரத்தின் கட்டைகள் குவிந்து கிடக்கின்றன. கேஸ் பில் ஏறிக்கொண்டே போவதால் இந்தக் குளிர்காலத்தை அந்த விறகிலேயே ஓட்டிவிடலாமா என்று யோசிக்கிறீர்கள். பக்கத்து வீட்டுக்காரரோ, இது புகைக் கட்டுப்பாட்டுப் பகுதி, கவுன்சில் அபராதம் போடும் என்கிறார். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தையும் ஆஸ்துமா உள்ள மாமியாரும் இருக்கிறார்கள்.

அடுப்பு தகுதியானதாக இருந்தால் எரிக்கலாம், சட்டம் தடுக்காது. ஆனால் தோட்டத்துக் கட்டைகளை இந்த ஆண்டு தொடாதீர்கள். புகைபோக்கியை ஆள்விட்டுத் துப்புரவு செய்து, கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டும்வரை தீக்குச்சியே கிழிக்காதீர்கள். ஆஸ்துமா உள்ள வீட்டில் அன்றாடம் இதை நம்பலாமா என்பது தனிக் கேள்வி. அதற்குப் பிறகு வருகிறேன்.

கணப்பு அடுப்பு பொருத்துவது என் தொழில். சட்டம், பாதுகாப்பு, செலவு என்று மூன்று தலைவலியாக இதைப் பார்ப்பவர்களே அதிகம். மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். புகை என்பது எரியாமல் தப்பிய விறகு. அது வெளியே போனால் கவுன்சிலுக்குப் புகார் போகிறது. குழாயில் படிந்தால் புகைபோக்கி தீப்பிடிக்கிறது. அறைக்குள் திரும்பினால் உயிருக்கே ஆபத்து. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சூடும் அதோடு போய்விடுகிறது. ஆகவே அடுப்பை மூட்டிய அரை மணி நேரம் கழித்துத் தெருவில் இறங்கி உங்கள் புகைபோக்கியை நிமிர்ந்து பாருங்கள். மேலே வெறும் வெப்ப அலை மட்டும் நெளிந்தால் எல்லாம் சரி. சாம்பல் நிறத்தில் புகை சுருண்டு எழுந்தால் ஏதோ ஒன்று தவறாக இருக்கிறது. இந்த ஒரு பார்வையைவிடச் சிறந்த சோதனைக் கருவி எனக்குத் தெரியாது.

முதலில் சட்டம். 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனை மூடிய புகைமூட்டத்தில், அப்போதைய கணக்குப்படியே சுமார் 4,000 பேர் இறந்தார்கள். பிற்கால ஆய்வுகள் அந்த எண்ணிக்கையை 12,000 வரை உயர்த்தின. வீடுகளில் எரித்த நிலக்கரி அதற்கு ஒரு பெரும் காரணம். அதன் பின் வந்ததுதான் 1956-ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம். புகைக் கட்டுப்பாட்டுப் பகுதி என்ற ஏற்பாடு அந்தச் சட்டத்தின் பிள்ளை. இன்று நடப்பில் இருப்பது 1993-ஆம் ஆண்டுச் சட்டம். லண்டனின் பெரும்பகுதி இந்த வட்டத்துக்குள் வருகிறது. உங்கள் தெரு வருகிறதா என்பதைக் கவுன்சில் இணையதளத்தில் அஞ்சல் குறியீட்டைத் தட்டினாலோ, ஒரு தொலைபேசி அழைப்பிலோ தெரிந்துகொள்ளலாம்.

அந்தப் பகுதிக்குள் விதி இதுதான். கதவில்லாத திறந்த கணப்பில் விறகு எரிக்கவே கூடாது. அனுமதிக்கப்பட்ட புகையற்ற எரிபொருளை மட்டும் எரிக்கலாம். கதவு வைத்த அடுப்பாக இருந்து, அந்த மாடல் டெஃப்ரா எனப்படும் சுற்றுச்சூழல் துறையின் விலக்குப் பட்டியலில் இருந்தால், அதற்கென்று குறிப்பிட்ட எரிபொருளை, அதாவது பெரும்பாலும் காய்ந்த விறகை, எரிக்கலாம். எனவே உங்கள் முதல் வேலை அடுப்பின் பின்புறமோ அடியிலோ ஒட்டியிருக்கும் உலோகத் தகட்டைத் தேடுவது. கைவிளக்கைப் பிடித்துப் பார்த்தால் தயாரிப்பாளர் பெயரும் மாடல் எண்ணும் தெரியும். அதை டெஃப்ரா பட்டியலில் தேடுங்கள். 2022 ஜனவரி 1 முதல் புதிதாக விற்கப்படும் அடுப்புகள், மாசுக்கும் எரிதிறனுக்கும் வரம்பு வைக்கும் ‘எக்கோடிசைன்’ தரத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும். ஆனால் எக்கோடிசைன் வேறு, டெஃப்ரா விலக்கு வேறு. ஒன்று இருந்தால் மற்றது தானாக வந்துவிடாது. கடைக்காரர்களே சில நேரம் இதைக் குழப்பிவிடுகிறார்கள்.

இன்னொரு நுணுக்கம் உண்டு. விலக்குப் பெற்ற மாடல்கள் பலவற்றில், மேல்காற்றுத் திறப்பை முழுவதும் மூட முடியாதபடி ஒரு சிறு தடுப்பை, சில நேரம் ஒரே ஒரு திருகை, வைத்திருப்பார்கள். காற்று அறவே அடைபட்டால் விறகு புகையும் என்பதற்காகவே அது. விறகு சீக்கிரம் தீர்ந்துபோகிறது என்று சொல்லி அதைக் கழற்றிப் போட்டிருக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் அந்த அடுப்புக்குக் கிடைத்த விலக்குக்குப் பொருளே இல்லை. முந்தைய உரிமையாளர் என்ன செய்திருக்கிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதும் பொய்யில்லை. 2021-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் சட்டம் வந்த பிறகு, இங்கிலாந்தில் கவுன்சில் நீதிமன்றத்துக்குப் போகாமலேயே புகைக்கு 175 முதல் 300 பவுண்டு வரை அபராதம் விதிக்கலாம். விலக்கு இல்லாத அடுப்புக்காக அனுமதியற்ற எரிபொருளை வாங்கினால் 1,000 பவுண்டு வரை போகலாம். நடைமுறையில் புகார்கள் நிறைய, அபராதம் அரிது. அந்த நம்பிக்கையில் புகையவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் படுக்கையறை ஜன்னலுக்குள் உங்கள் புகை போகிறது என்றால், அபராதம் வருகிறதோ இல்லையோ, அந்தத் தெருவில் நிம்மதியாக இருக்க முடியாது.

எரிபொருள் விற்பனைக்கும் விதி உண்டு. வீட்டு நிலக்கரியைப் பையில் அடைத்து விற்பது இங்கிலாந்தில் 2021 மே 1-இலும், சில்லறையாகக் கொட்டி விற்பது 2023 மே 1-இலும் நின்றுபோயின. இரண்டு கன மீட்டருக்குக் குறைவாக விற்கும் விறகு 20 சதவீத ஈரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ‘ரெடி டு பர்ன்’ என்ற முத்திரை பையின் மேல் இருக்க வேண்டும். பெட்ரோல் பங்க் வாசலில் வலைப்பையில் கட்டி வைத்திருக்கும் விறகுக்கும் இது பொருந்தும்.

இனி உங்கள் சிக்கமோர் கட்டைகளுக்கு வருவோம். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி தண்ணீர். அதை அடுப்பில் போட்டால் நெருப்பின் முதல் வேலை அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்குவது. நன்கு காய்ந்த விறகு ஒரு கிலோவில் சுமார் 4 யூனிட் (கிலோவாட் மணி) சூடு இருக்கிறது. பச்சை விறகில் அது இரண்டுக்குச் சற்று மேல்தான். சூடு பாதியாகக் குறைவது ஒருபுறம் இருக்க, விறகிலிருந்து வரும் வாயுக்கள் தீப்பிடிக்க சுமார் 600 டிகிரி வெப்பம் வேண்டும். ஈர விறகு அடுப்பை அந்த அளவுக்கு ஏறவே விடாது. மழைநாளில் ஈர விறகை வைத்து ஊதுகுழலோடு போராடிய நம் ஊர்ச் சமையலறையை நினைத்துக்கொண்டால் போதும். கண்ணைக் கரித்த அதே புகைதான் இங்கே குழாய்க்குள் தாராகப் படிகிறது.

ஈரம் எவ்வளவு என்று கண்ணால் சொல்ல முடியாது. இரண்டு ஊசி நீட்டிய ஈரப்பதமானி இருபது பவுண்டு அளவில் கிடைக்கும். ஆனால் பலரும் அதைக் கட்டையின் வெட்டுமுனையில் குத்திப் பார்த்துவிட்டு 15 என்று மகிழ்ந்துபோகிறார்கள். முனைதான் முதலில் காயும். கட்டையைக் கோடரியால் இரண்டாகப் பிளந்து, புதிதாகத் திறந்த உட்பகுதியின் நடுவில் குத்துங்கள். வெளியே 15 காட்டிய கட்டை உள்ளே 28 காட்டுவது சாதாரணம். அந்த எண் 20-க்குக் கீழே வந்தால்தான் விறகு.

உங்கள் கட்டைகளை இப்போதே பிளந்து வையுங்கள்; உருண்டையாக விட்டால் பட்டை ஈரத்தை உள்ளேயே பிடித்துவைக்கும். மணிக்கட்டு அளவிலிருந்து அதன் இரு மடங்குவரை பருமன் போதும். தரையில் படாமல் பலகைச் சட்டத்தின் மேல் அடுக்கி, மேலே மட்டும் கூரை போட்டு, பக்கங்களைத் திறந்து விடுங்கள். தார்ப்பாயால் நாலாபுறமும் இழுத்துக் கட்டுவதுதான் எல்லோரும் செய்வது. அது விறகைப் பூசணம் பிடிக்க வைக்கும். காற்று ஊடுருவினால் சிக்கமோர் அடுத்த குளிர்காலத்துக்கோ அதற்கு அடுத்ததற்கோ தயாராகிவிடும். ஓக் என்றால் இரண்டு ஆண்டுக்குக் குறையாது. ஊசியிலை மரத்தை எரிக்கவே கூடாது என்று சொல்வார்கள். காய்ந்திருந்தால் எரிக்கலாம், சீக்கிரம் எரிந்து முடிந்துவிடும், அவ்வளவுதான்.

பெயின்ட் அடித்த பலகை, மரத்தூளைப் பசையோடு அழுத்திய எம்டிஎஃப் பலகை, பழைய வேலிக் கம்பங்கள், உடைந்த அலமாரி எதையும் போடாதீர்கள். பழைய வேலிக் கம்பங்களில் ஆர்செனிக் கலந்த மருந்து ஏற்றியிருப்பார்கள். அது புகையிலும் வரும், சாம்பலிலும் தங்கும். கடற்கரையில் ஒதுங்கிய மரத்தில் உள்ள உப்பு அடுப்பின் இரும்பையே அரிக்கும். போகிக்குப் பழையன கழிக்க வீட்டுக்குள்ளேயே இடம் கிடைத்துவிட்டது என்று யாராவது சொன்னால் கதவைச் சாத்திவிடுங்கள்.

மூட்டும் முறையில் பெரும்பாலோருக்கு ஒரு பழக்கம் உண்டு: அடியில் காகிதம், மேலே சுள்ளி, அதற்கு மேல் கட்டை. இதைத் தலைகீழாக்கினால் புகை வெகுவாகக் குறையும். அடியில் இரண்டு கட்டைகளைச் சிறு இடைவெளி விட்டு வையுங்கள். அவற்றின் மேல் விரல் பருமன் சுள்ளிகளைக் குறுக்கும் நெடுக்குமாக நான்கைந்து அடுக்கு அடுக்குங்கள். உச்சியில் மெழுகு தோய்த்த மரச்சுருள் ஒன்றை வைத்துக் கொளுத்துங்கள். நெருப்பு மேலிருந்து கீழே இறங்கும்போது, கட்டையிலிருந்து எழும் வாயு சுடரின் ஊடாகவே போக வேண்டியிருப்பதால் அது எரிந்துவிடுகிறது. புகைக்குழாயும் முதலிலேயே சூடாகி நன்றாக இழுக்கத் தொடங்கும். இதற்கிடையே காற்றுத் திறப்புகள் எல்லாம் முழுவதும் திறந்திருக்க வேண்டும். விறகு எரிக்கும்போது அடியில் ஓர் அங்குலம் சாம்பல் படுக்கை இருப்பது நல்லது. முழுவதும் வழித்துத் துடைக்காதீர்கள். புகையற்ற நிலக்கரிக்கு நேரெதிர். அதற்குக் கீழிருந்து காற்று வேண்டும், சாம்பல் தங்கக் கூடாது. இரண்டையும் கலந்து எரிப்பதும் வேண்டாம். விறகின் ஈரமும் நிலக்கரியின் கந்தகமும் சேர்ந்தால் அமிலமாகிக் குழாயின் உள்ளுறையைத் தின்றுவிடும்.

நெருப்பு நிலைத்த பிறகு கீழ்க்காற்றை மூடி மேல்காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். சுடர் சுறுசுறுப்பாக, மஞ்சளாக இருக்க வேண்டும். குழாயில் ஒட்டும் காந்த வெப்பமானி ஒன்று வாங்கினால் வேலை எளிது. பொதுவாக 120 டிகிரிக்கும் 250 டிகிரிக்கும் இடையே முள் நிற்கட்டும். கண்ணாடி கறுத்தால் காற்றுப் போதவில்லை, அல்லது விறகு ஈரம். இரவு படுக்கப் போகும்போது அடுப்பு நிறையக் கட்டைகளைத் திணித்து, காற்றைச் சாத்தி, காலை வரை தணல் கிடக்கட்டும் என்று விடுவது மிகப் பழைய பழக்கம், மிகக் கெட்ட பழக்கமும்கூட. ஓர் இரவு அப்படி விட்டால் பல நாள் நல்ல நெருப்பு தராத தாரைக் குழாய் வாங்கிக்கொள்ளும். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே கடைசிக் கட்டையைப் போட்டு முடித்துவிடுங்கள்.

கதவின் ஓரத்தில் கண்ணாடியிழைக் கயிறு ஒன்று ஓடும். கதவு இறுக்கமாக மூடுவதற்கான அடைப்பு அது. அடுப்பு ஆறியிருக்கும்போது ஒரு துண்டுக் காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். வராமல் பிடித்தால் சரி. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் கயிறு தேய்ந்திருக்கிறது, காற்று உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை. கீல் பக்கத்தை விடாமல் நான்கு பக்கமும் பாருங்கள். கயிறு மலிவானது, நீங்களே மாற்றிவிடலாம்.

இனி சொல்வதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, தலைசுற்றல், குமட்டல் என்று ஃப்ளூ காய்ச்சல் போலவே தொடங்கும். காய்ச்சல் கொதிக்காமல், வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்து, வெளியே போனால் தெளிந்தால் சந்தேகப்படுங்கள். கொடைக்கானல், ஊட்டி அறைகளில் குளிருக்குக் கரியடுப்பை உள்ளே வைத்துக்கொண்டு தூங்கியவர்கள் எழுந்திருக்காத செய்திகளைப் படித்திருப்பீர்கள். காரணம் இதே வாயு. கோடையில் பார்பிக்யூ முடிந்து, தணல் மிச்சமிருக்கிறதே என்று அந்தச் சட்டியை உள்ளே கொண்டுவருவதும் அதே கதைதான்.

நம்மவர் வீடுகளில் தனியாக ஓர் ஆபத்தும் உண்டு. தாளிக்கும் வாடை படுக்கையறைவரை போகக் கூடாது என்று சமையலறையில் பலமான காற்றிழுப்பு விசிறி மாட்டியிருப்போம். இடைச்சுவரை இடித்துச் சமையலறையையும் வரவேற்பறையையும் ஒன்றாக்கியும் இருப்போம். விசிறி வெளியேற்றும் காற்றுக்கு ஈடாக எங்கிருந்தாவது காற்று உள்ளே வந்தாக வேண்டும். ஜன்னல்கள் எல்லாம் இரட்டைக் கண்ணாடியால் அடைபட்டிருந்தால் அது புகைபோக்கி வழியாகக் கீழிறங்கும், அடுப்பின் வாயுவையும் இழுத்துக்கொண்டு. சோதித்துப் பாருங்கள்: ஜன்னல் கதவுகளைச் சாத்தி, விசிறியை உச்ச வேகத்தில் ஓடவிட்டு, ஆறிய அடுப்பின் கதவைத் திறந்து வாயிலில் ஊதுவத்தியைப் பிடியுங்கள். புகை உள்ளே இழுபடாமல் அறைப்பக்கம் சாய்ந்தால், அந்த அடுப்பும் அந்த விசிறியும் ஒன்றாக ஓடக் கூடாது. சாய்வு இல்லை என்பதால் ஆபத்தே இல்லை என்றும் ஆகிவிடாது. அடுப்பு சூடாக எரியும்போது செய்யும் முறையான கசிவுச் சோதனையைப் பொருத்துபவரிடம் கேட்டு வாங்குங்கள்.

சுவரில் எப்போதும் திறந்திருக்கும் காற்றுத் துளை இருந்தால் அதை அடைக்காதீர்கள். 5 கிலோவாட்டுக்கு மேற்பட்ட அடுப்புக்குப் பழைய வீடுகளில்கூட அது கட்டாயம்; கூடுதலாகும் ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் 550 சதுர மில்லிமீட்டர். காற்று கசியாத புதிய கட்டடமென்றால் சிறிய அடுப்புக்கும் வேண்டும். குளிர்காற்று வருகிறது என்று அதில் துணியைச் செருகுவது, மூச்சுக்குழலில் செருகுவதுதான்.

அலாரம் பிஎஸ் இஎன் 50291 தர முத்திரை உள்ளதாக இருக்கட்டும். அடுப்பிலிருந்து கிடைமட்டமாக ஒன்று முதல் மூன்று மீட்டருக்குள், கூரையில் என்றால் சுவரிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி. சுவரில் என்றால் கதவு ஜன்னல்களுக்கு மேலே, ஆனால் கூரைக்கு 15 சென்டிமீட்டர் கீழே. இந்தக் கருவிகளுக்கு ஆயுள் உண்டு. பின்புறம் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும். முந்தைய உரிமையாளர் விட்டுப்போனது பச்சை விளக்குக் காட்டுகிறதே என்று நம்பிவிடாதீர்கள். அது அலறினால் ஜன்னல்களைத் திறந்து, எல்லோரையும் வெளியே அழைத்துப் போங்கள். நெருப்பை ஆராய்வது அப்புறம். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: விறகோ நிலக்கரியோ எரிக்கும் அடுப்பு உள்ள அறையில் இந்த அலாரத்தை வைப்பது இங்கிலாந்தில் வீட்டுக்காரரின் சட்டக் கடமை.

புகைபோக்கி துப்புரவாளரை இப்போதே அழையுங்கள். அக்டோபருக்குப் பிறகு தேதி கிடைப்பது பெரும்பாடு. ஆண்டுக்கு ஒரு முறையாவது, விறகைத் தொடர்ந்து எரித்தால் இரு முறை துப்புரவு செய்ய வேண்டும். பல காலம் எரிக்காமல் விட்ட புகைபோக்கியில் காகங்கள் குச்சி குச்சியாக நிறைத்துக் கூடு கட்டியிருக்கும். அப்படியே மூட்டினால் புகை முழுவதும் அறைக்குள்தான். வேலை முடிந்ததும் சான்றிதழ் கேட்டு வாங்கி வையுங்கள். காப்பீட்டு நிறுவனங்கள் பல அதைக் கேட்கும். ஒருவேளை குழாய்க்குள் ரயில் போவதுபோல் இரைச்சல் கேட்டால் உள்ளே படிந்த தார் தீப்பிடித்திருக்கிறது என்று பொருள். காற்றுத் திறப்புகளை மூடிவிட்டு, வீட்டைவிட்டு வெளியேறி அவசர உதவி எண்ணான 999-ஐ அழையுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள்.

சாம்பல் நீறு பூத்த நெருப்பு என்பது இங்கே உவமை அல்ல, செய்தி. ஆறிவிட்டதுபோல் தெரிந்தாலும் கங்கு ஓரிரு நாள் உயிரோடு கிடக்கும். மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி, வீட்டுக்கு வெளியே கல்தரையில் வையுங்கள். பிளாஸ்டிக் குப்பைத்தொட்டியில் கொட்டி அது உருகி எரிந்த கதைகள் ஏராளம். குழந்தைக்காக அடுப்பைச் சுற்றிச் சுவரோடு பூட்டும் கம்பித் தடுப்பு கட்டாயம். அந்தத் தடுப்பின் மேல் ஈரத்துணி உலர்த்தும் ஆசை வரும், வேண்டாம்.

இனி மாமியார் விஷயம். பிரிட்டனில் வெளியாகும் நுண்துகள் மாசில் கணிசமான பங்கு வீட்டு விறகு எரிப்பிலிருந்து வருகிறது. மிக நல்ல அடுப்பும் இதை முழுவதும் நிறுத்தாது. கட்டை போடக் கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் அறைக்குள் வரும். கேஸ் ஹீட்டிங் வேலை செய்யும் வீட்டில், ஆஸ்துமா உள்ளவரும் சிறு குழந்தையும் இருக்கையில், நான் அன்றாடம் மூட்ட மாட்டேன். மின்சாரம் போன நாளுக்கும், பாய்லர் பழுதான வாரத்துக்கும் வைத்துக்கொள்வேன். பில் குறையும் என்ற கணக்கும் லண்டனில் எப்போதும் பலிப்பதில்லை. பையாக வாங்கும் காய்ந்த விறகின் விலையைப் பார்த்தால் கேஸே மலிவு என்று தோன்றும். விறகு இலவசமாகக் கிடைப்பவர்களுக்குத்தான் அது மிச்சம், அதுவும் காயவைக்க இடமும் பொறுமையும் இருந்தால்.

கடைசியாக ஒரு காகிதம். அடுப்பைப் பொருத்தியவர் ஹீட்டாஸ் போன்ற அமைப்பில் பதிவு பெற்றவராக இருந்தால் அதற்கான சான்றிதழ் இருக்கும். இல்லையென்றால் கவுன்சிலின் கட்டடப் பிரிவு ஒப்புதல் தந்திருக்க வேண்டும். வீடு வாங்கியபோது வழக்கறிஞர் அனுப்பிய கோப்பில் தேடுங்கள். அடுப்புக்கு அருகிலோ மின்மீட்டருக்குப் பக்கத்திலோ புகைக்குழாயின் விவரம் எழுதிய தகடும் ஒட்டியிருக்கலாம். இரண்டும் இல்லையென்றால், துப்புரவாளர் வரும் அன்றே குழாயின் உள்ளுறையைக் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். குழாய் தகுதியானது என்று தெரிந்தால் முன்பே முடிந்த வேலைக்கான ஒப்புதலைக் கேட்டுக் கவுன்சிலிடம் விண்ணப்பிக்கலாம், கட்டணம் உண்டு. வீட்டை விற்கும் நாளில் வாங்குபவரின் வழக்கறிஞர் கேட்கும் கேள்விகளில் இதுவும் இருக்கும்.